ஆட்டக்காரர் அணி மாறும்போது



சென்னையிலிருந்து தமிழ்நாடு விரைவு வண்டியில் வந்து, புது டில்லி நிலையத்தில் இறங்கி, பகாட்கஞ்சு பக்கமாக வெளிவருவோர்க்கு அண்மையில் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. கர்னைல் சிங் அரங்கம் என்பது அதன் பெயர். இந்திய இரயில்வேக்கு உரியது. வேலைக்கென்று இந்நகருக்கு வந்த நம்மவர் பலர் பெட்டியும் படுக்கையுமாக அதன் பக்கமாகவே ஊருக்குள் நுழைந்திருப்பர். அந்த அரங்கத்துக்கு உரிய நிறுவனம் நாட்டின் பல மூலைகளிலிருந்து திறம் மிக்க ஆட்டக்காரர்களைத் தன்பால் ஈர்த்தது. அவர்களும் நம்மைப் போன்றே வேலைக்காகச் சொந்த மாநிலத்தை விட்டு வந்தவர்கள்தாம். ஆயினும், நாம் ஊரை விட்டு வந்தபோது ஊரின் அணி எதுவும் தோற்கவில்லை. அவர்கள் வந்தபோது தோற்றது. அந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் தம் அணியை விட்டு எதிரணியில் சேர்வது முறையா? அதனால் போட்டியின் சமநிலை கெடுகிறதா? கெடுமாயின் அதற்குப் பரிகாரம் யாது? கூடைப்பந்து ஆட்டத்தை முதன்மையாக வைத்து இவ்வினாக்களை ஆராய்வோம்.

பொங்கலையொட்டி நம் ஊர்களில் நடைபெறும் சடுகுடுப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் ஒருபுறம் நிற்பார்கள். பரிசுத் தொகை பெரிதாக இருந்தால், எதிர்ப்புறத்தில் பாடிச் செல்வதில் பெயர் பெற்ற இருவர் வேற்று மாவட்டத்திலிருந்து வந்து இறங்குவர். முதற் பத்து நிமிடத்திலேயே கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும். ஆட்டம் நன்றாக இல்லாமையால் அன்று. முடிவு முன்னரே தெரிந்துவிட்டமையால். யார் வெல்வார் என்னும் ஐயந்தான் விளையாட்டின் உயிர். அந்த ஐயம் நீங்கிவிட்டால் எஞ்சுவது வெறும் உடற்பயிற்சியே.

இவ்விடையூறு மற்ற ஆட்டங்களைக் காட்டிலும் கூடைப்பந்தில் மிகுதி. காரணம் எளியது. கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் ஓரணிக்குப் பதினொருவர், கூடைப்பந்தில் ஐவரே. கிரிக்கெட்டில் எத்துணைப் பெரிய மட்டையாளரும் ஆட்டமிழந்தால் அந்த இன்னிங்சில் அவர் வேலை முடிந்தது. கூடைப்பந்திலோ தலைசிறந்த ஆட்டக்காரர் ஆட்ட நேரத்தின் பெரும்பகுதியும் களத்தில் நிற்கலாம். தாக்குதலிலும் அவரே, தடுப்பிலும் அவரே. ஐந்தில் ஒரு பங்கு என்பது கணக்கு; அவரால் விளைவது அதனினும் பெரிது. அத்தகையவர் எதிரணிக்குச் செல்லும்போது விளைவு இரட்டிப்பாகிறது. விட்ட அணி ஒரு பங்கு இழக்கிறது. பெற்ற அணி அதே பங்கைக் கூட்டிக்கொள்கிறது. தராசின் ஒரு தட்டிலிருந்து கல்லை எடுத்து மறுதட்டில் வைப்பதற்கு ஒப்பானது இது.

இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க நாட்டின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 2016 ஆம் ஆண்டு நிகழ்ந்தது. கெவின் டுராண்ட் என்பவர் ஒக்லஹோமா நகர அணியின் தலையாய ஆட்டக்காரர். அவ்வாண்டு மேற்குப் பிரிவின் இறுதித் தொடரில் அவ்வணி கோல்டன் ஸ்டேட் அணியை எதிர்த்து 3-1 என்று முன்னணியில் நின்றது. நான்கு ஆட்டங்கள் வென்றால் தொடர் கைவசமாகும். ஆயினும் அடுத்த மூன்றையும் இழந்து தோற்றது. சில வாரங்களில் டுராண்ட் தம்மைத் தோற்கடித்த அதே அணியில் போய்ச் சேர்ந்தார். அவ்வணியோ அவர் வருமுன்பே, அப்பருவத்தின் முறைப்போட்டிகள் 82இல் 73ஐ வென்று வரலாறு படைத்திருந்தது. அவரும் சேர்ந்தபின் 2017, 2018 ஆகிய இரண்டாண்டுகளும் பட்டம் அவ்வணிக்கே போயிற்று. 2017 இல் பட்டத்திற்கான இறுதிக் கட்டத் தொடர்களில் ஆடிய 17 ஆட்டங்களில் அது தோற்றது ஒன்றே ஒன்று.

அணி மாறுவது அவருடைய உரிமை. ஒப்பந்தக் காலம் முடிந்த பணியாளர் வேறிடம் செல்வதை யார் தடுக்க முடியும்? ஆனால் அத்துணை வலிய அணி அத்துணைப் பெரிய ஆட்டக்காரருக்கும் ஊதியம் தர எப்படி இயன்றது என்று கேட்க வேண்டும். அமெரிக்கச் சங்கத்தில் 1984-85 முதல் ஊதிய வரம்பு உண்டு. ஓர் அணி தன் ஆட்டக்காரர் அனைவர்க்கும் தரும் மொத்த ஊதியத்தைக் கட்டுப்படுத்தும் வேலி அது. 2016 இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் வந்து சேர, அவ்வரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 40 இலட்சம் டாலருக்கு ஒரே ஆண்டில் உயர்ந்தது. வேலி திடீரென விலகிய இடைவெளியில் அணிகள் பலவற்றுக்கும் பணம் கிடைத்தது. எல்லாரினும் வலியதாக இருந்த அணிக்கும் கிடைத்தது. ஆகவே, சமநிலையைக் கெடுத்தது ஓர் ஆளின் மனம் மட்டுமன்று. விதியின் நெகிழ்வும் சேர்ந்தே கெடுத்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டிற்குத் திரும்புவோம்.

நம் நாட்டுக் கூடைப்பந்தில் கோடிக் கணக்கான ஊதியம் இல்லை. இங்கே ஆட்டக்காரரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஈர்ப்பது ஒன்றே ஒன்று: நிலையான வேலை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் நன்றாக ஆடும் ஒரு பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வே வேலை தருகிறது. மாதச் சம்பளம், மருத்துவ வசதி, பயிற்சிக்கு நேரம், ஆட்டப் பருவம் கழிந்த பின்னும் நீடிக்கும் பதவி ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம். அதற்கு ஈடாக, தேசியப் போட்டிகளில் அவர் இரயில்வே அணிக்காக ஆட வேண்டும். இரயில்வேயும் படைத்துறையாகிய சர்வீசஸும் நம் தேசியப் போட்டிகளில் மாநிலங்களைப் போலவே தனி அணிகளாக இறங்குகின்றன. வங்கியிலோ மாநில மின்வாரியத்திலோ வேலை பெற்றவர் அவ்வம் மாநில அணிக்கு ஆடலாம். இரயில்வேயில் பெற்றவர் பிறந்த மாநிலத்துக்கு எதிரணியாகிறார்.

கோட்டயம் பகுதியில் பிறந்த கீது அன்னா ஜோஸ் தென்னக இரயில்வேயில் பணியேற்று இரயில்வே அணிக்காக ஆடினார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலியாவிலும் சென்று ஆடினார். 2014 இல் அர்ச்சுனா விருது பெற்றார். சென்னையின் அனிதா பால்துரை, பத்தொன்பது வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைமையை ஏற்றவர். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர். 2021 இல் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானார். அவரும் தென்னக இரயில்வேயின் பணியாளரே. இத்தகையோர் பல மாநிலங்களிலிருந்து ஒரே குடையின்கீழ் வந்து சேர்ந்தமையால் தேசிய மகளிர் போட்டியில் இரயில்வே அணி பல்லாண்டுக் காலம் தனியாட்சி நடத்தியது. மற்ற மாநிலங்கள் இரண்டாம் இடத்திற்கே போட்டியிடுகின்றன என்று சொல்லத்தக்க நிலையும் இருந்தது. ஒரு நாட்டின் பெரும் போட்டிக்கு இது நல்லதன்று.

ஆயினும் இதனைக் குற்றமாகச் சாற்றுமுன் மறுபக்கத்தையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். சத்தீஸ்கர் மாநிலத்து பிலாய் எஃகு நகரில் ராஜேஷ் படேல் என்னும் பயிற்சியாளர் இருந்தார். எளிய குடும்பத்துச் சிறுமியர் பலரைத் தேடிக் கொணர்ந்து ஆட்டம் பயிற்றுவித்தார். அவரிடம் பயின்றவர்களுள் பலர் இரயில்வேயில் வேலை பெற்றனர். அவர்களைப் பார்த்து, ஏனம்மா மாநில அணியை விட்டுப் போனாய் என்று கேட்க யாருக்கு மனம் வரும்? அந்த வேலை ஒரு குடும்பத்தின் அடுப்பில் நெருப்பு. அஃது இல்லையேல் அப்பெண் மாநில அணியிலும் ஆடியிருக்க மாட்டார். படிப்பை முடித்துத் திருமணத்தோடு பந்தைக் கீழே வைத்திருப்பார். டுராண்ட் இரு பெரும் பணப்பைகளுக்கு இடையே ஒன்றைத் தேர்ந்தார். நம் பெண்களோ ஆடுவதா, ஆட்டத்தை விடுவதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தனர். இவ்விரண்டையும் ஒரே கோலால் அளப்பது அறமாகாது.

அங்ஙனமாயின் வழி என்ன? இதற்குக் கேரளம் ஒரு விடை காட்டியது. அம்மாநில மின்வாரியம் மகளிர் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு வேலை அளித்து அணி ஒன்றை வளர்த்தது. ஊரிலேயே சம்பளம், ஊரிலேயே பயிற்சி, ஊரின் பெயரிலேயே ஆட்டம் என்ற நிலை ஏற்பட்டது. வயநாட்டைச் சேர்ந்த பி.எஸ். ஜீனா போன்ற முன்னணி ஆட்டக்காரர்கள் மாநில அணியிலேயே நிலைத்தனர். 2018 சனவரியில் 68 ஆவது தேசியப் போட்டி சென்னையில் நடைபெற்றபோது கேரள மகளிர் இரயில்வேயை வென்று வாகை சூடினர். எவரையும் எவரும் தடுத்து நிறுத்தவில்லை; எவருடைய உரிமையும் பறிக்கப்படவில்லை. போவதற்கு ஒரே ஒரு கதவு இருந்த இடத்தில் இரண்டாவது கதவு திறக்கப்பட்டது. அவ்வளவே. போட்டி மீண்டும் போட்டியாயிற்று.

அதே சென்னைப் போட்டியில் ஆடவர் பட்டம் தமிழ்நாட்டிற்குக் கிடைத்தது என்பதையும் மகிழ்ச்சியுடன் நினைவுகூர்கிறோம். அதற்கும் காரணம் இதுதான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை போன்றவை சென்னையில் நெடுங்காலமாகக் கூடைப்பந்து அணிகளைப் பேணி வந்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே வேலை இருந்தது. மாநில அணி வலுவாக இருந்தது.

இனி, ஆட்டக்காரர் இடம் பெயர்வதால் எப்போதும் தீங்கே விளையுமா என்று பார்ப்போம். காசி மாநகரில் பிறந்த திவ்யா, பிரசாந்தி, ஆகாங்ஷா, பிரதிமா என்னும் உடன்பிறந்த நால்வரும் இந்தியாவுக்காக ஆடியவர்கள். அவர்களுள் பிரசாந்தியும் ஆகாங்ஷாவும் டில்லிக்கு வந்து, மகாநகர் தொலைபேசி நிறுவனத்தில் பணியேற்று, டில்லி அணிக்காக ஆடினர். பிரசாந்திக்கு 2019 இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அதே காசியிலிருந்து வந்த விசேஷ் பிருகுவன்ஷி, எண்ணெய் இயற்கை வாயுக் கழகத்தில் பணிபெற்று உத்தரகாண்டு அணிக்காக ஆடினார். இந்திய ஆடவர் அணியின் தலைவருமானார். சிறிய மாநிலமாகிய உத்தரகாண்டு இத்தகையோரால் பெரிய அணிகளோடு தோள்தட்டும் வலிமை பெற்றது. வலியவன் வீட்டிற்குப் போனால் சமநிலை கெடுகிறது. எளியவன் வீட்டிற்குப் போனால் சமநிலை கூடுகிறது. எனவே, போவது குற்றமன்று. எல்லாரும் ஒரே வீட்டிற்குப் போவதுதான் குறை.

இவ்வுண்மையை டில்லி நகரம் மற்றோர் ஆட்டத்தில் முன்னரே கண்டிருக்கிறது. ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டில் 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து பருவங்கள் இடைவிடாமல் பம்பாயே வென்றது. அவற்றுள் கடைசி இறுதியாட்டத்தில், சேப்பாக்கத்தில், நம் தமிழ்நாடே தோற்றது. அக்காலத்தில் டில்லி அணி பெயர் சொல்லும்படி இருந்ததில்லை. அமிர்தசரசில் பிறந்து வடபஞ்சாப் அணிக்கு ஆடிவந்த பிஷன் சிங் பேடி 1968-69 பருவம் முதல் டில்லிக்கு ஆடத் தொடங்கினார். பின்னர்ப் பஞ்சாபிலிருந்து மொகிந்தர் அமர்நாத்தும் மதன்லாலும், மகாராஷ்டிரத்திலிருந்து சேத்தன் சௌகானும் வந்து சேர்ந்தனர். 1978-79 இல் பேடியின் தலைமையில் டில்லி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அடுத்த பருவம் பம்பாயையே இறுதியாட்டத்தில் தோற்கடித்தது. 1981-82 இல் பெரோஸ் ஷா கோட்லாவில் கர்நாடகம் 705 ஓட்டங்கள் எடுக்க, டில்லி எட்டு விக்கெட்டுக்கு 707 எடுத்துக் கோப்பையைக் கைப்பற்றியதை இந்நகர் மறக்கவில்லை. வந்தேறிகளால் வலுப்பெற்ற அணியே டில்லி அணி. நம்மைப் போன்ற வந்தேறிகளுக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி இருப்பது இயல்பே.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதிவிட வேண்டும். அவ்வீரர்களுள் இருவரையும் பேடியையும் தந்த பஞ்சாப், தன் முதற் கோப்பையை 1992-93 வரை காண முடியவில்லை. அவர்கள் போனதொன்றே அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் விளக்கு எரியும்போது, எண்ணெய் வந்த வீட்டை மறந்துவிடுதல் தகாது.

விதிகளால் செய்யக் கூடியனவும் சில உண்டு. அமெரிக்கச் சங்கத்தில் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கே முன்வரிசையில் வாய்ப்பு மிகுதி. மேலும், வரம்பு கடந்து செலவிடும் அணிகளின் கையைக் கட்டும் கடுமையான விதிகள் 2023 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டன. 2019 முதல் 2025 வரை ஏழு பருவங்களில் ஏழு வெவ்வேறு அணிகள் அங்கே பட்டம் வென்றுள்ளன. அவற்றுள் 2025 இல் வென்றது எது தெரியுமா? டுராண்ட் விட்டுச் சென்ற அதே ஒக்லஹோமா அணி. ஒன்பதாண்டு பொறுமையும், இளையோரைத் தேர்ந்து வளர்த்த முறையும் அதற்குத் துணை நின்றன. நம் நாட்டின் ஐ.பி.எல். கிரிக்கெட்டிலும் 2008 முதல் ஏலம் உண்டு. அவ்வேலத்தில் எல்லா அணிக்கும் செலவின் உச்சவரம்பு ஒன்றே. பணம் மிக்கவரே அனைவரையும் வாங்கிவிடலாகாது என்பதுதான் இவ்விதிகளின் உட்பொருள்.

நம் கூடைப்பந்தில் ஏலமும் இல்லை, வரம்பும் இல்லை. இங்கே வேண்டுவது தடைச்சட்டமும் அன்று. ஒரு பெண் இரயில்வேக்குப் போகக்கூடாது என்று விதி செய்தால், தோற்பது இரயில்வே அன்று, அந்தப் பெண்ணே. ஒவ்வொரு மாநிலமும் தன் ஆட்டக்காரருக்கு ஊரிலேயே வேலை தரட்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. அவ்வொதுக்கீடு ஏட்டில் நில்லாமல் உரிய காலத்தில் ஆட்டக்காரர் கைக்கு வந்து சேர வேண்டும். இருபது வயதில் கிடைக்கும் வேலை ஆட்டத்தைக் காக்கும். முப்பது வயதில் கிடைப்பது ஆளை மட்டுமே காக்கும்.

நேயர்களே, இறுதியாக நம்மைப் பற்றி ஒரு சொல். டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் நாளை டில்லிக்காகவோ மகாராஷ்டிரத்துக்காகவோ மேற்கு வங்கத்துக்காகவோ ஆடுவர். எதிர்ப்புறத்தில் தமிழ்நாட்டு அணி நிற்கும். அன்று நாம் யாருக்குக் கை தட்டுவது? இவ்வினா நம் வீடுகளில் எழத்தான் செய்கிறது. மகன் போட்ட பந்து கூடையில் விழும்போது மகிழ்ந்து, அடுத்த கணம் நெஞ்சின் ஓரத்தில் ஒரு சிறு வருத்தமும் தோன்றுவதை நாம் அறிவோம். அந்த வருத்தத்திற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை. மகிழ்ச்சிக்கும் வெட்கப்பட வேண்டுவதில்லை.

பிள்ளை வாழும் ஊருக்கு உண்மையாக ஆடட்டும். ஊரை விட்டுப் போன ஆட்டக்காரனைத் துரோகி என்று ஏசும் வழக்கம் நம் வாயில் வேண்டா; வேலைக்காக ஊரை விட்டு வந்த நாமே அச்சொல்லைச் சொன்னால் அது நம்மையே சுடும். அதே வேளையில், பிறந்த ஊரின் பள்ளித் திடலில் கூடையின் வலை அறுந்து தொங்குமாயின், விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு புதிய வலையும் இரண்டு பந்துகளும் வாங்கிக் கொடுத்து வருவோம். நாம் விட்டு வந்த தட்டில் நாம் திரும்ப வைக்கக்கூடிய கல் அது. சிறியதே, ஆயினும் தராசு அறியும்.